ஒரே அடுப்பில் உண்பவர்கள்

ஓடைக்கரை ஏறி அஞ்சுகிராமம் ரோட்டைப் பிடித்து நடக்கும்போதுதான் பைக்குள் ஏதோ இடிக்கிறது என்று தெரிந்தது. எட்டு வைக்கிறபோதெல்லாம் சரியாக இடுப்பெலும்பில் வந்து இடித்தது. நின்று பையைத் திறந்தேன். என் சட்டைகள் எல்லாம் மடித்து உள்ளே இருந்தன, பள்ளிக்கூடத்துக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைத் தவிர. இரண்டு நாளில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு திரும்புவதற்கு இத்தனை சட்டை எதற்கு? எல்லாவற்றுக்கும் அடியில் பழைய துண்டில் சுற்றி ஒரு தட்டு. விளிம்பு ஒரு பக்கம் நெளிந்த எவர்சில்வர் தட்டு, நான் சோறு தின்கிறது.

அப்பா இருக்கிற இடத்தில் ஒரு தட்டுக்கா பஞ்சம்? திரும்பிப் போய் வைத்துவிட்டு வந்தால் பஸ் போய்விடும். அம்மை அன்றைக்கு இருந்த இருப்பில் முதுகிலும் ஒன்று விழும். பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தேன். தட்டு அந்தப் பக்கத்து எலும்பைக் கண்டுபிடித்தது.

இதெல்லாம் ஜனத்தொகைக் கணக்கெடுக்க வந்த சார் ஆரம்பித்து வைத்தது. அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அவர் கையில் ஒரு புத்தகம் இருந்தது. எந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அரசாங்கம் அதில் அச்சடித்துக் கொடுத்திருந்தது. நாங்கள் அதுவரை அர்த்தம் கேட்காமல் புழங்கி வந்த சொற்கள் அவை. குடும்பம், வேலை, வீட்டில் இருப்பது, இந்த மாதிரி.

எங்கள் வீடு அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொது. மேற்குப் பாதி பெரியப்பாவுக்கு, கிழக்குப் பாதி எங்களுக்கு, பின்னால் அடுக்களை. அம்மையும் பெரியம்மையும் ஒரே சட்டியில்தான் பொங்கிக்கொண்டிருந்தார்கள். நான் நடை பழகும் காலத்தில் ஓர் அயிலை மீன் தலை யார் தட்டுக்குப் போவது என்று சண்டை வந்து, சட்டி இரண்டானது. புகை போக வேறு வழி இல்லாததால் அடுப்பு மட்டும் ஒன்றாகவே நின்றது. முதலில் பெரியம்மை பொங்குவாள். முடிந்ததும் எரிகிற கொள்ளியை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்து, தன் பக்கம் கொண்டுபோவாள். ஒரு கங்குகூட விட்டுவைக்க மாட்டாள். பிறகு அம்மை புதிதாகத் தீக்குச்சி கிழித்துத் தன் விறகில் தன் சட்டியை வைப்பாள். பாத்திரம் தேய்க்கச் சாம்பல் வேண்டுமே, அதற்கும் அடுப்பின் இரண்டு பக்கமும் இரண்டு பானை. யார் சாம்பலை யாரும் தொடுவதில்லை.

ரேஷன் கார்டு ஒன்று. அது பெரியப்பா பெயரில் இருந்தது. அரிசி அவர் நடத்தும் முக்குக் கடைக்கு வந்து, அங்கிருந்து எங்கள் பாகத்தை அவர் அளந்து கொடுப்பார். அம்மை விடிந்ததும் போய் அந்தக் கடையைத் தூத்துப் பெருக்கி, சாக்கு பிரித்து, பருப்புப் புடைத்து, மதியம்வரை ஆளுக்கு நிறுத்துக் கொடுத்துவிட்டு வருவாள். இதற்கு என்ன பெயர் என்று அதுவரை யாரும் கேட்டதில்லை.

சார் வேறு ஏதோ ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார். வெயிலில் அலைந்து முகம் கறுத்திருந்தது. கடையில் போட்டிருந்த பெஞ்சைத் தூக்கி வந்து முற்றத்தில் உட்கார வைத்தார்கள்.

“இந்த வீட்டுல எத்தனை குடும்பம்?”

“ஒண்ணு,” என்றார் பெரியப்பா.

“ரெண்டு சார்,” என்றாள் அம்மை, கதவுக்குப் பின்னாலிருந்து.

சார் பேனாவை மூடினார். புத்தகத்தைப் புரட்டி, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: “ஒண்ணா இருந்து ஒரே அடுப்புல பொங்கிச் சாப்பிடுறவங்க ஒரு குடும்பம். ரத்த சொந்தமா இருக்கணும்னு கட்டாயம் இல்ல.”

“அப்பம் சரியாப் போச்சு. அடுப்பு ஒண்ணுதான்,” பெரியப்பா.

“சட்டி ரெண்டு,” அம்மை.

சார் எழுந்து செருப்பைக் கழற்றிவிட்டு அடுக்களைக்கே போய்விட்டார். நாங்கள் எல்லாரும் பின்னால் போனோம். அடுப்பைப் பார்த்தார், சட்டிகளைப் பார்த்தார், பானைகளைக் காட்டி இது என்ன என்றார்.

“அது அக்காளுக்க சாம்பல். இது எனக்க சாம்பல்.”

சார் கொஞ்ச நேரம் இரண்டு சாம்பலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் புத்தகம் அடித்தவர்களுக்கு இப்படி ஒரு வீடு தட்டுப்பட்டிருக்காது. கடைசியில், “சாப்பாடு தனித்தனி. அப்ப ரெண்டு குடும்பம்தான்,” என்றார்.

முற்றத்துக்குத் திரும்பியபோது அம்மை கதவுக்குப் பின்னால் போகவில்லை. அவள் முகத்தை அப்படி நான் அதற்குமுன் பார்த்ததில்லை. சொந்தக் கார்டு வரப்போகிறது, இனி அரிசிக்குக் கடைவாசலில் நிற்க வேண்டாம் என்று அவள் அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டாள். இந்தக் கணக்குக்கும் கார்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று சார் ஒன்றுக்கு மூன்று தரம் சொன்னார். ஊரில் ஒருவரும் அதை நம்பவில்லை. அரசாங்கத்து ஆள் வீடு தேடி வந்து அடுப்புக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் தராமல் போவாரா?

அடுத்தது வேலை. நீங்க வேலைக்குப் போறீங்களா என்று அம்மையைக் கேட்டார்.

“போகாம பின்னே? அத்தான் கடையிலதான் காலத்த வெடிஞ்சதுலயிருந்து நிக்கேன்.” பெரியப்பாவை அவள் அத்தான் என்றுதான் கூப்பிடுவாள்.

“சம்பளம்?”

“சம்பளம் என்ன சம்பளம்.”

சார் நெற்றியைத் தடவினார். சொந்தக் குடும்பத்துத் தொழிலில் சம்பளம் இல்லாமல் உழைத்தால் அதையும் வேலை என்று எழுத இடம் உண்டாம். ஆனால் இப்போது பெரியப்பா வேறு குடும்பம், அம்மை வேறு குடும்பம். அடுத்த குடும்பத்துக் கடையில் சும்மா நிற்பதை எந்தக் கட்டத்தில் போடுவது?

“ஒண்ணும் வாங்கலன்னா, ‘வேலை செய்யாதவர்’னுதாம்மா வரும்.”

“வேலை செய்யாதவளா? நானா?” அம்மை தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். மல்லிச் சாக்குத் தூசி நகத்தில் இருந்தது. “அரிசி தாறாருல்லா சார்!”

சார் உயிர் வந்தவர்போல நிமிர்ந்தார். “அந்த அரிசி கூலியா, பங்கா?”

“கூலி,” என்றாள் அம்மை.

“பங்கு,” என்றார் பெரியப்பா. இப்போது அவருக்கு மூக்கு விடைத்துவிட்டது. “எனக்கத் தம்பிக்கு உள்ள பங்கு சார் அது. கூலின்னு எழுதினா நான் தம்பி பெஞ்சாதிக்கு முதலாளியாக்கும்னு ஊரு காறித் துப்பும்.”

“பங்குன்னா என்னத்துக்கு அத்தான் படியைத் தலை தட்டி அளக்கிய?”

அந்தக் கட்டத்தை சார் எழுதாமல் விட்டார். அம்மைக்குத் தனி அடுப்பு வேண்டுமென்றால் அவள் வேலை வேலையில்லாமல் போகும். வேலை வேண்டுமென்றால் தனி அடுப்பு போகும். புத்தகத்தின் கணக்கு அப்படி. இத்தனைக்கும் சார் நல்ல மனுஷன். ஒரு டம்ளர் வெள்ளம் வாங்கிக் குடித்துவிட்டு, இனி சிரமம் இல்லை என்ற நினைப்பில் கடைசிக் கேள்வியைக் கேட்டார். குடும்பத் தலைவர் யார்?

அம்மை அப்பா பெயரைச் சொன்னாள்.

“ஆளு எங்க?”

“அருமனைக்கு அங்கோட்டு. ரப்பர் பால் வெட்டப் போயிருக்காரு.”

“கடைசியா எப்ப வந்தாரு?”

“அம்மன் கோயில் கொடைக்கு.”

சார் விரல் மடக்கினார். அம்மையும் கூடவே மடக்கினாள். சாருக்கு முன்னால் அவள் விரல் நின்றுவிட்டது.

“ஆறு மாசத்துக்கு மேல ஆச்சேம்மா. அப்படின்னா அவரு இங்க வழக்கமா வசிக்கிறவரு இல்ல. இந்த வீட்டுக் கணக்குல அவரை எழுதப்படாது. தலைவர்னு உங்க பேருதான் வரும்.”

“எனக்குப் புருஷன் உண்டு சார்.”

“உண்டும்மா. திருமணமானவர்னுதான் எழுதியிருக்கேன்.”

“பின்னே அவரை எங்க எழுதுவிய?”

“அவரு எங்க யாருகூட ஒரு சட்டியில சாப்பிடுறாரோ, அந்தக் குடும்பத்துல எழுதுவாங்க.”

“யாரா இருந்தாலும் அப்படித்தானா? சட்டிதானா கணக்கு?”

“யாரா இருந்தாலும்.”

பெரியம்மை அடுக்களை வாசலில் சாய்ந்துகொண்டு இத்தனை நேரமும் காத்திருந்தாள். “ஏட்டி, தனிக் குடும்பம் கேட்டேல்லா? இப்பம் நீயே தலைவரு. மாலை கெட்டிப் போடட்டா?”

அம்மை திரும்பி என்னைப் பார்த்தாள். சனிக்கிழமை மேல்பார்வை செய்கிற ஐயாவைக் கேட்டுக்கொண்டு வருவதாகவும், அதற்குள் அப்பாவே வந்து, இனி இங்கேதான் இருப்பேன் என்று சொன்னால் தலைவராக எழுதிவிடலாம் என்றும் சொல்லி சார் போனார். அப்பாவிடம் போன் இருந்தது. எஸ்டேட்டில் ரேஞ்ச் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை குன்றின் மேல் ஏறி நின்று பேசுவார். சமீபத்து ஞாயிறுகளில் அதுவும் இல்லை.

மறுநாள் காலையில் அம்மை என்னை எழுப்பி, தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவினாள். சனிக்கிழமைக்குள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்றாள். நான் ஏழாம் வகுப்பு. ஒரு நாள் வகுப்புக்குப் போகாவிட்டால் பூவரசங் கம்பு தேடுகிறவள், அன்று பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அது லாபமாகத்தான் பட்டது.

நாகர்கோவிலுக்கு ஒரு பஸ், அங்கிருந்து மார்த்தாண்டத்துக்கு ஒரு பஸ், பிறகு அருமனைக்கு ஒரு பஸ். அருமனையில் இறங்கும்போது மண்ணே வேறு நிறமாக இருந்தது. எங்கள் பக்கம் வானம் நிறைய, மரம் கொஞ்சம். அங்கே வானத்தைத் தேட வேண்டியிருந்தது. சாயாக் கடையில் வழி கேட்டேன். கடைக்காரர் பேசியது பாதி பாட்டு மாதிரி இருந்தது. நான் இன்னொரு முறை கேட்டபோது, “கிழக்கத்திப் பயலா? அதான் வேகமாட்டுப் பேசுக,” என்று சிரித்துவிட்டு, ஒரு கட்டன் சாயா தந்து, ரப்பர் தோட்டத்துக்குள் போகும் மண்பாதையைக் கைகாட்டினார். வரிசை வரிசையாக மரம். ஒவ்வொன்றிலும் சரிவாக ஒரு வெட்டு, வெட்டுக்குக் கீழே பால் வடிய ஒரு தேங்காய்ச் சிரட்டை. எந்த வரிசையில் நடந்தாலும் அதே வரிசைதான். இரண்டு தரம் வழி தப்பி, எரிச்சலில் மரத்தை உதைத்து, காலை நோகடித்துக்கொண்டு, சாயங்கால வெளிச்சம் இருக்கும்போதே ஒரு தகரக் கொட்டகையைக் கண்டுபிடித்தேன்.

கொட்டகைக்கு வெளியே மூன்று கல் அடுப்பில் ஒரு பெரிய சட்டி. சுற்றிலும் நாலு பேர். ஒருவர் அப்பா.

“ஏலே, நீ எப்படி வந்தே? அம்மைக்கு என்ன?”

ஒன்றும் இல்லை, சனிக்கிழமை நீங்கள் வீட்டில் இருக்க வேண்டும், கணக்கில் எழுத வேண்டும், இல்லாவிட்டால் அம்மையைத் தலைவர் என்று எழுதிவிடுவார்கள் என்று நான் ஒரே மூச்சில் சொன்னேன். நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

சட்டியைக் கிண்டிக்கொண்டிருந்தவர் அந்தப் பக்கத்துக்காரர், மற்ற மூவரைவிட வயதானவர். அவர்தான் சொன்னார்: “அப்பி, அதெல்லாம் இங்க முடிஞ்சு. போன ஆழ்ச்ச ஒரு பெண்ணு வந்து எழுதீட்டுப் போச்சு. நாங்க நாலு பேரும் ஒரு குடும்பமாக்கும். நான் தலைவன், கேட்டியா?”

“நாங்க தலைவருக்கு ‘உறவினர் அல்லாதவர்’,” என்றார் இன்னொருவர். அந்தப் பெண் வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். அவர்களுக்கு அது ரொம்பவும் பிடித்துப்போயிருந்தது. ஒரு வாரமாக ஒருவரை ஒருவர் அப்படித்தான் கூப்பிட்டார்கள். “ஓய் உறவினர் அல்லாதவரே, அந்த உப்பை எடும்.” அப்பா உப்பை எடுத்துக் கொடுத்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று பஸ் ஏறி, இடுப்பில் இடி வாங்கி, வழி தப்பி வந்தால், இங்கே இவர்கள் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறார்கள். “சிரிக்காதீங்க. நாளைக்குக் கிளம்பணும்,” என்று அப்பாவிடம் சொன்னேன்.

அப்பா கோபப்படவில்லை. மழை நின்று இப்போதுதான் வெட்டு ஒழுங்காக நடக்கிறது. இலை உதிரும் காலம் வந்தால் அதுவும் நின்றுவிடும். நடுவில் கிடைக்கிற நாள்தான் நாள். ஒருநாள் மரத்தடியில் ஆள் இல்லையென்றால் கங்காணி அந்த மரங்களை அடுத்தவனுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுவான். “பொறவு ஒரு ஆளை ரெண்டு இடத்துல எழுதப்படாதாம்லே. அந்தப் பெண்ணு சொல்லிச்சு,” என்றார். ஒரு பெரிய சிக்கல் தன் கையை மீறிப் போய்விட்டதில் கொஞ்சம் ஆறுதல் அடைந்தவர்போல இருந்தது.

இன்றைக்கு எனக்கு அந்தச் சொற்கள் எல்லாம் தெரியும். பிறகு நான் போன ஊர்களில் என்னைப் பல விதமாக எழுதியிருக்கிறார்கள். திருப்பூரில் ஓர் அறையில் கும்பலாகப் பொங்கித் தின்றபோது எவனோ ஒருவனுக்கு உறவினர் அல்லாதவன். எர்ணாகுளத்தில் ஒரு பாலத்தடியில் படுத்திருந்தபோது வீடற்றவன். கணக்கெடுக்க வருகிறவர்களிடம் நான் சண்டை போடுவதில்லை. எண்ணுகிறவனுக்கு ஓர் ஆள் ஓர் இடத்தில்தான் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் நாடே இரண்டு மடங்காகிவிடும். ஆனால் சட்டி ஓரிடத்திலும் நினைப்பு ஓரிடத்திலும் இருக்கிறவனை எழுத இத்தனை வருஷத்தில் ஒரு கட்டம் போடத் தோன்றவில்லையே என்று எரிச்சல் வராமலும் இல்லை.

அப்பா என் பையை இழுத்துத் திறந்தார். அம்மை ஏதாவது கொடுத்தனுப்பியிருப்பாள் என்று தேடினார்போல. சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்தார். துண்டைப் பிரித்தார். தட்டு வெளியே வந்ததும் அவர் கை நின்றுவிட்டது.

“இதை யாருலே வச்சா?”

“அம்மைதான்.”

“எதுக்குன்னு சொன்னாளா?”

“இல்ல.”

“உனக்கப் புஸ்தகம் எங்க?”

“வீட்லதான். ரெண்டு நாளைக்கு எதுக்குப் புஸ்தகம்?”

அவர் தட்டைத் திருப்பி, நெளிந்த விளிம்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மற்ற மூன்று பேரும் சிரிப்பை நிறுத்தியிருந்தார்கள். பிறகு தட்டைச் சட்டிப் பக்கம் நீட்டினார். “அண்ணே, இதுலயும் போடும்.” மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் கறியும். எரிப்பு அதிகம். பசியில் நான் தலை நிமிரவில்லை.

சனிக்கிழமை சார் சொன்னபடி வந்தாராம். இது எனக்குப் பெரியம்மை வெகுகாலம் கழித்துச் சொன்னது. அம்மை அவரைக் காக்க வைக்கவில்லை, வாதாடவும் இல்லை. குடும்பத்தில் எத்தனை பேர் என்றதற்கு, ஒண்ணு என்றாள். பையன் எங்கே என்று கேட்டார். “அவன் அவனுக்க அப்பன் சட்டியில சாப்பிடுகான் சார். அவருக்கும் அங்க ஒரு சொந்தம் வேணும்லா.” தலைவர்? “நான்தான்.” வேலை? “நீங்க எழுதுகதை எழுதுங்க.” எழுதி முடித்ததும் கார்டு எப்போது வரும் என்று மட்டும் கேட்டாளாம். சார் தலையைக் குனிந்துகொண்டாராம். கார்டு வரவில்லை. அவள் அந்த அடுப்பில் இரண்டாவது ஆளாகத் தீக்குச்சி கிழித்து, ஒருத்திக்குப் பொங்கினாள். அப்பா மட்டும் அந்த வருஷத்திலிருந்து ஞாயிறு தவறாமல் குன்று ஏறினார். பக்கத்தில் நான் நின்றேன்.

அந்தப் புதன்கிழமை எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? தின்றேன், கொட்டகையில் அப்பாவின் பாயில் படுத்துத் தூங்கினேன். விழித்தபோது வெயில் மரங்களுக்கு நடுவில் வந்திருந்தது. விடியுமுன்னே வெட்டப் போன நாலு பேரும் திரும்பியிருந்தார்கள். தலைவர் தட்டுகளைக் கழுவி ஒரு பலகையில் வரிசையாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் நெளிந்த விளிம்போடு என் தட்டு.

“அந்தப் பெண்ணு இனியும் வந்தா, இப்பம் அஞ்சு பேருன்னு சொல்லணும்,” என்றார்.

“நான் ரெண்டு நாளைக்குத்தான்,” என்று திருத்தினேன்.

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. தலைவர் ஒரு வாளியையும், சிரட்டை வழிக்க ஒரு ரப்பர் துண்டையும் என் கையில் தந்தார். மேல் வரிசையிலிருந்து தொடங்க வேண்டும், சிரட்டையில் ஊறியிருக்கும் பாலை வாளியில் சரித்து, ஒட்டியிருப்பதை வழித்து, சிரட்டையைத் திரும்பக் கம்பியில் வைக்க வேண்டும். சிந்தக் கூடாது. நிறைந்ததும் கொட்டகைக்குக் கொண்டுவர வேண்டும். பாலெடுக்க ஒரு பையன் வேண்டும் என்று கங்காணி நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தானாம்.

சும்மா இருப்பதற்கு இது மேல் என்று தோன்றியது. எப்படியும் சனிக்கிழமைக்கு ஊருக்குப் போய்விடலாம். வாளியைத் தூக்கிக்கொண்டு மேல் வரிசைக்கு நடந்தேன்.